ஓஆர்எஸ் என்பது யாருடைய பெயர்?

1/
"ஓஆர்எஸ் குடுத்தீங்களாம்மா?"
"குடுத்தேன் சார். நேத்துல இருந்து அதுதான் குடுக்குறேன்."

இந்த ரெண்டு வரியைப் பத்திதான் இந்த த்ரெட். கொஞ்சம் நீளம். சின்னக் குழந்தை இருக்கிற வீட்டுல எல்லாரும் படிங்க. சாஃப்ட்வேர் வேலையில இருக்கிறவங்களும் படிக்கலாம், நடுவுல உங்க கதையும் வருது.

2/
நான் வேலை பார்க்கிறது மரக்காணம் உப்பளக் கரையோரம், ஒரு அரசு மருத்துவமனையில். ஸ்பெஷலிஸ்ட் எல்லாம் இல்ல, எம்.பி.பி.எஸ். தான். இங்க உப்பு வாருறவங்க விடியறதுக்கு முன்னாடியே பாத்தியில இறங்கிடுவாங்க. வெயில் ஏறின பிறகு அந்த வெள்ளைத் தரையில நிக்க முடியாது. மேல இருந்து ஒரு வெயில், கீழ உப்புல பட்டு எதிரடிக்கிற வெயில் இன்னொண்ணு.

3/
ஒரு சித்திரை மாசம். ஓபி-யில நூறு பேருக்கு மேல. உப்பளத்துல வேலை பார்க்கிற ஒரு அம்மா, ஒண்ணரை வயசுப் பெண் குழந்தையைத் தூக்கிட்டு வந்தாங்க. ரெண்டு நாளா வயித்தால போகுது. குழந்தை சோர்வா இருந்தா, ஆனா முழிச்சுப் பார்த்தா. மேலே இருக்கிற கேள்வியைக் கேட்டேன். அந்தப் பதில் வந்தது. "சரி, அதையே விடாம குடுங்க" என்று சொல்லி, ஜிங்க் மாத்திரை எழுதி அனுப்பிட்டேன்.

4/
மறுநாள் சாயந்திரம் திரும்பி வந்தாங்க. இந்த முறை குழந்தை கண்ணு உள்ள போயிருந்தது. வயித்துத் தோலைக் கிள்ளி விட்டா மடிப்பு மெதுவாத்தான் இறங்குது. மதியத்துல இருந்து சிறுநீர் போகல. உடனே டிரிப்ஸ் போட்டோம். அன்னைக்கு ராத்திரி அவ பொழைச்சுக்கிட்டா. இப்ப நல்லா இருக்கா. அதை முதல்லயே சொல்லிடறேன், நிம்மதியா மேல படிங்க.

5/
"நான் சொன்ன மாதிரி ஓஆர்எஸ் குடுத்தீங்களா இல்லையா?" கொஞ்சம் கோபமாவே கேட்டேன். அந்த அம்மா ஒண்ணும் பேசாம கூடையிலிருந்து எடுத்துக் காட்டினாங்க. ஸ்ட்ரா குத்திக் குடிக்கிற அட்டைப்பெட்டி. ஆரஞ்சு சுவை. முன்பக்கம் பெரிய எழுத்துல ஓஆர்எஸ்னு ஆரம்பிக்கிற ஒரு பேரு. "மருந்துக்கடையிலதான் சார் வாங்கினேன். ஓஆர்எஸ்னு கேட்டேன், இதைத்தான் குடுத்தாங்க." ஒரு நாள் கூலியில பெரும்பகுதி அந்தப் பெட்டிகளுக்கே போயிருந்தது.

6/
அந்த அம்மா பொய் சொல்லல. கடைக்காரர் அவரைப் பொறுத்தவரை தப்பாக் குடுக்கல. நானும் தப்பாக் கேட்கல. மூணு பேரும் ஒரே வார்த்தையைச் சொன்னோம், அந்த வார்த்தைக்குள்ள மூணு வேற பொருள் இருந்தது. அந்தப் பெட்டி எந்த கம்பெனியுடையது என்று சொல்லப் போறதில்ல. அப்போ கடையில அந்த மாதிரி நாலஞ்சு இருந்தது, ஒண்ணைத் திட்டி என்ன ஆகப் போகுது?

7/
பெட்டியின் பின்பக்கம் இருந்த கணக்கை லிட்டருக்கு மாற்றிப் பார்த்தேன். சர்க்கரை 100 கிராமைத் தாண்டியது. உலக சுகாதார நிறுவனத்தின் ஓஆர்எஸ் இதுதான், ஒரு லிட்டர் தண்ணீருக்கு:

சோடியம் குளோரைடு 2.6 கிராம்
குளுக்கோஸ் 13.5 கிராம்
பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம்
ட்ரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம்

மொத்தம் 20.5 கிராம். அவ்வளவுதான்.

8/
"சர்க்கரை கொஞ்சம் கூட இருந்தா என்ன சார், தெம்புதானே?" என்று நிறைய பேர் கேட்பாங்க. மாங்காய்த் துண்டில் உப்பைப் போட்டு வைங்க, தண்ணி விடும். அடர்த்தி எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் தண்ணி ஓடும். குடலுக்குள்ள சர்க்கரைப் பாகு மாதிரி ஊத்தினா, உடம்புல இருக்கிற தண்ணியும் குடலுக்குள்ள இழுக்கப்படும். பேதி நிக்காது, கூடும்.

9/
ஓஆர்எஸ்-ல சர்க்கரை இருக்கிறது தெம்புக்காக இல்ல. குடல் சுவரில் ஒரு கதவு இருக்கு. உப்பும் குளுக்கோஸும் கைகோத்து வந்தாத்தான் திறக்கும். ரெண்டும் உள்ளே போகும்போது தண்ணியும் பின்னாடியே போகும். அதனாலதான் கரைசலில் சோடியமும் குளுக்கோஸும் சரிக்குச் சரி எண்ணிக்கையில் இருக்கு, லிட்டருக்கு 75 மில்லிமோல் வீதம். இந்த விகிதம்தான் மருந்து. அது போச்சுன்னா, மிச்சம் இருக்கிறது ஜூஸ்.

10/
இந்த விகிதம் யாருடைய சொத்து? யாருடையதும் இல்ல. 1971-ல் வங்கதேசப் போரின்போது அகதிகள் கூட்டம் கூட்டமா மேற்கு வங்காளத்துக்கு வந்தாங்க. எல்லையோர ஊரான பங்காவ்னில் காலரா. டிரிப்ஸ் பாட்டில் தீர்ந்துடுச்சு. அங்கே இருந்த டாக்டர் திலீப் மகலனாபிஸ், உப்பு, குளுக்கோஸ், சோடா உப்பு மூணையும் அளந்து பொட்டலம் கட்டி, தண்ணியில கரைச்சு வாய்வழியாக் குடுக்க வச்சார். குடுத்தது பெரும்பாலும் நோயாளியின் சொந்தக்காரங்களே.

11/
30 சதவீதம் வரை இருந்த இறப்பு, அந்த முகாமில் 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. 1978-ல் லான்செட் இதழ், இந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இது இருக்கக்கூடும் என்று தலையங்கம் எழுதியது. மகலனாபிஸ் 2022-ல் காலமானார். அடுத்த வருஷம் பத்ம விபூஷண் அறிவிச்சாங்க. அந்தக் கலவையை யாரும் காப்புரிமை போட்டுப் பூட்டல. யார் வேணும்னாலும் செய்யலாம், விற்கலாம், இலவசமாக் குடுக்கலாம்.

12/
அப்புறம் அது அப்படியே தேங்கியும் நிக்கல. பழைய ஃபார்முலாவின் மொத்த அடர்த்தி 311. ஆய்வுகளைப் பார்த்து உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2002-ல் அதை 245-ஆகக் குறைச்சாங்க. சாஃப்ட்வேர் காரங்க பாஷையில சொன்னா, பேரு அதே, வெர்ஷன் புதுசு. எல்லாருக்கும் இலவச அப்டேட்.

13/
இதை ஒருநாள் ராத்திரி போன்ல என் தம்பிகிட்ட புலம்பிக்கிட்டு இருந்தேன். அவன் சென்னையில சாஃப்ட்வேர் வேலை. "அண்ணா, இது எங்க ஊர்ல பழைய கதை. சமையல் குறிப்பைத் தானம் பண்ணிடலாம். பேரைத் தானம் பண்ணக் கூடாது" என்றான். அப்புறம் ஒரு மணி நேரம் ஓப்பன் சோர்ஸ் கதை சொன்னான். எனக்குப் புரிஞ்ச அளவுக்கு இங்க சொல்றேன்.

14/
ஓப்பன் சோர்ஸ் என்றால், நிரலை எல்லாரும் பார்க்கலாம், மாற்றலாம், பகிரலாம். அதுக்கு உரிமம் உண்டு. ஆனா அந்த உரிமம் நிரலுக்குத்தான், பெயருக்கு இல்ல. அப்பாச்சி 2.0 என்கிற பிரபலமான உரிமத்தில், "இதன் மூலம் வணிகக்குறி உரிமை எதுவும் தரப்படவில்லை" என்கிற பொருளில் தனியா ஒரு பிரிவே இருக்கு. கதவு திறந்தே இருக்கும். வாசல்ல இருக்கிற பெயர்ப்பலகையைக் கழட்டிட்டுப் போகக் கூடாது, அவ்வளவுதான்.

15/
ஏன் இப்படி? லினக்ஸ் பட்ட பாட்டைக் கேளுங்க. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் வெளியிட்டார். பெயரைப் பதிவு பண்ணணும்னு அப்போ யாருக்கும் தோணல. 1994-ல் அமெரிக்காவில் வில்லியம் டெல்லா குரோசி என்பவர் லினக்ஸ் என்ற பெயருக்குத் தன் பேரில் விண்ணப்பம் போட்டார். 1995-ல் பதிவும் கிடைச்சது. அடுத்த வருஷம், லினக்ஸ் சம்பந்தமா வியாபாரம் பண்ணினவங்ககிட்ட 10 சதவீதம் பங்கு கேட்டார். லினக்ஸை எழுதினவர் ஒருத்தர், பெயரைக் காட்டிக் காசு கேட்டவர் இன்னொருத்தர்.

16/
நிறுவனங்கள் சேர்ந்து வழக்குப் போட்டு, 1997-ல் சமரசம் ஆகி, பெயர் டோர்வால்ட்ஸ் கைக்கு வந்தது. அதுக்கு அப்புறம்தான் பல திட்டங்களுக்குப் புத்தி வந்தது. பெயரை ஒரு அறக்கட்டளை பேரில் பதிவு பண்ணி, "இந்த இந்த நிபந்தனைக்கு உட்பட்டு யாரும் பயன்படுத்தலாம்" என்று எழுதி வைக்க ஆரம்பிச்சாங்க.

17/
நம்ம ஊர் உதாரணமும் இருக்கு. டெபியன் என்பது உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் சேர்ந்து செய்யும் இயங்குதளம். அதை அடிப்படையா வச்சு சென்னை சி-டாக் இந்திய மொழிகளுக்காக ஒண்ணைச் செய்தாங்க. அதுக்கு டெபியன்னு பேர் வைக்கல. பாஸ் லினக்ஸ்னு தனிப் பேர் வச்சு, எதிலிருந்து வந்ததுன்னும் சொன்னாங்க. எடுத்துக்கிட்டாங்க, மாத்தினாங்க, பேரையும் மாத்தினாங்க. இதுல யாருக்கும் குழப்பம் இல்ல.

18/
ஆனா பெயர்க் காவல் எப்பவும் நல்லவன்னு சொல்ல வரல. அதே டெபியனுக்கும் ஃபயர்ஃபாக்ஸ் உலாவியைச் செய்யும் மோசில்லாவுக்கும் 2006-ல் தகராறு. "எங்க பேரைப் போடணும்னா எங்க சின்னத்தையும் போடணும், நீங்க செய்யும் மாற்றங்களுக்கு எங்க ஒப்புதல் வேணும்" என்றது மோசில்லா. அந்தச் சின்னத்தின் உரிமம் டெபியனின் கொள்கைக்கு ஒத்து வரல. பழைய பதிப்புகளுக்கு அவங்களே பாதுகாப்புத் திருத்தம் போட வேண்டிய தேவையும் இருந்தது.

19/
கடைசியில் டெபியன் அந்த உலாவியை ஐஸ்வீசல்னு வேற பேரில் கொடுத்தது. நெருப்பு நரிக்குப் பதிலா பனி மரநாய்! 2016-ல்தான் சமாதானம் ஆகி, ஃபயர்ஃபாக்ஸ் பேர் டெபியனுக்குத் திரும்பி வந்தது. கிட்டத்தட்ட 10 வருஷம். பொருள் கெட்டுப் போகாத இடத்திலும் பெயர் உரிமை குறுக்கே நிற்கலாம் என்பதற்கு இது சாட்சி. அதிகாரம் யார் கையில, எந்த நிபந்தனையோட இருக்கு என்பதுதான் கேள்வி.

20/
இப்ப நம்ம ஓஆர்எஸ்-க்கு வருவோம். ஃபார்முலாவைத் திறந்து வச்சோம். பெயருக்குக் காவல் வைக்கல. பொதுப் பெயர் ஆச்சே, யார் என்ன பண்ணிடப் போறாங்கன்னு விட்டுட்டோம். முன்னாடி ரெண்டெழுத்து, பின்னாடி ஒரெழுத்து சேர்த்து வணிகக்குறி ஆக்கிக்கிட்டாங்க. ஃபார்முலாவை விட்டுட்டாங்க, பேரை மட்டும் எடுத்துக்கிட்டாங்க. லினக்ஸ்ல ஒருத்தர் காசு கேட்டார். இங்க குழந்தையின் உடம்பிலிருந்து தண்ணி போச்சு.

21/
அரசு சும்மா இருந்ததா? இல்ல. ஆனா முன்னும் பின்னுமா நடந்தது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ, 2022 ஜூலை 14-ல் ஒரு உத்தரவு போட்டது: பதிவான வணிகக்குறியில் முன்னொட்டு பின்னொட்டோட ஓஆர்எஸ் என்ற சொல் இருந்தா இருக்கட்டும், "இது உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த ஓஆர்எஸ் அல்ல" என்று பெட்டியில் போட்டால் போதும். 2024 பிப்ரவரி 2-ல் அது சம்பந்தமா இன்னொரு உத்தரவு.

22/
அதாவது, முன்பக்கம் ஓஆர்எஸ்னு எழுதிக்கலாம், கூடவே ஓஆர்எஸ் இல்லன்னும் எழுதிடணும்! நான் பார்த்த பெட்டியில் அந்த மறுப்பு ஆங்கிலத்தில், பொடி எழுத்தில் இருந்தது. விடியற்காலை உப்பு வாரிட்டு வந்து, அழுகிற குழந்தையை இடுப்பில் வச்சுக்கிட்டு நிற்கிற அம்மா அதைப் படிச்சிருக்கணும்னு சட்டம் எதிர்பார்த்தது. படிச்ச நானே அந்தக் குழந்தை திரும்பி வந்த பிறகுதான் அதைத் திருப்பிப் பார்த்தேன்.

23/
இதை எதிர்த்து ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் சுமார் 8 வருஷம் போராடினார். கடிதம், வீடியோ, பொதுநல வழக்கு. 2025 அக்டோபர் 14-ல் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ அந்த ரெண்டு அனுமதிகளையும் திரும்பப் பெற்றது. முன்னொட்டோ பின்னொட்டோ, வணிகக்குறியோ இல்லையோ, உணவுப் பொருளின் பெயரில் ஓஆர்எஸ் என்ற சொல் கூடாது. கம்பெனிகள் டெல்லி உயர் நீதிமன்றம் போனாங்க. கையிருப்பு விஷயத்தில் ஒரு நிறுவனத்துக்கு முதலில் தற்காலிக ஆசுவாசம் கிடைச்சது. அக்டோபர் கடைசியில், இன்னொரு நிறுவனத்தின் வழக்கில், பொது சுகாதாரம் சம்பந்தப்பட்ட இந்தத் தடையில் தலையிட நீதிமன்றம் மறுத்துவிட்டது.

24/
ஜெயிச்சாச்சே, அப்புறம் எதுக்கு இந்த த்ரெட்? ஏன்னா, ஒரு உத்தரவு போட்டதை இன்னொரு உத்தரவு எடுத்தது. அதை மூணாவது உத்தரவு மறுபடி எடுத்தது. நாலாவது வராதுன்னு யார் சொல்ல முடியும்? ஒரு உயிர் காக்கும் பொருளின் பெயர், ஆணையத்தின் சுற்றறிக்கையை மட்டும் நம்பி நிற்கக் கூடாது.

25/
மருந்துப் பெயர்களில் இதுக்கு ஏற்கெனவே வழி இருக்கு. உலக சுகாதார நிறுவனம் 1950-களிலிருந்து மருந்து மூலக்கூறுகளுக்குப் பொதுப் பெயர் வச்சு வருது. நம் நாட்டின் 1999-ஆம் வருஷ வணிகக்குறிச் சட்டத்தின் 13-வது பிரிவு, வேதிப்பொருள்களின் பெயரையும், அப்படி அறிவிக்கப்பட்ட பொதுப் பெயரையும், அதுக்கு ஏமாற்றும்படி ஒத்திருக்கும் பெயரையும் யாரும் வணிகக்குறியாகப் பதிவு பண்ணக் கூடாதுன்னு சொல்லுது. ஆனா ஓஆர்எஸ் ஒரே மூலக்கூறு இல்ல, நாலு பொருளின் கலவை. அதனால அந்தக் கதவுக்குள்ள எளிதா நுழையாது.

26/
என் கருத்து இதுதான். ஓஆர்எஸ் மாதிரிப் பொதுச் சொத்தான கலவைகளின் பெயர்களையும் 13-வது பிரிவு மாதிரியே சட்டத்தில் சேர்க்கணும். யாருக்கும் சொந்தமில்ல என்பதோட நிறுத்தாம, யாரும் சொந்தமாக்கிக்கவும் முடியாதுன்னு எழுதணும். கூடவே, ஐ.எஸ்.ஐ முத்திரை மாதிரி ஒரே ஒரு ஓஆர்எஸ் சின்னம் வேணும். ஃபார்முலா சரியா இருந்தா எந்தக் கம்பெனியும் கட்டணமில்லாமப் போட்டுக்கலாம். இல்லன்னா போடக் கூடாது. நம் சட்டத்தில் சான்றளிப்பு வணிகக்குறி என்ற வழியே இருக்கு. நிறம், படம் எல்லாம் நாடு முழுக்க ஒண்ணு. எழுதப் படிக்கத் தெரியாதவங்களும் பார்த்த உடனே அடையாளம் கண்டுக்கணும்.

27/
இதுல ஒரு நியாயமான எதிர்க்கேள்வி உண்டு. "பெயரைக் காக்கிறோம்னு சொல்லி நாளைக்கு அந்த அமைப்பே அதிகாரம் பண்ணினா?" ஐஸ்வீசல் கதை நினைவிருக்கில்லையா. அதனாலதான் நிபந்தனை ஒண்ணே ஒண்ணா இருக்கணும்: உள்ளே இருப்பது ஃபார்முலாவா இல்லையா. பரிசோதனைக் கூடத்தில் அளந்து பார்க்கக்கூடிய கேள்வி. ஒப்புதல் தர ஒரு அதிகாரியின் மனசு இளகணும் என்கிற நிலை வரக் கூடாது.

28/
கம்பெனிகள் பானம் விற்கக் கூடாதுன்னு நான் சொல்லல. விற்கட்டும். ஆரஞ்சுப் பானம்னு பேர் வச்சு விற்கட்டும், வேணும்கிறவங்க குடிக்கட்டும். பாஸ் லினக்ஸ் தனிப் பேர்ல வரலியா? ஃபார்முலாவை மாத்தினா பேரையும் மாத்து. சாஃப்ட்வேர் உலகம் 30 வருஷத்துக்கு முன்னாடியே அடிபட்டுக் கத்துக்கிட்ட பாடம் இது. அங்க தப்பினா கம்ப்யூட்டர் நிக்கும். இங்க குழந்தைக்குச் சிறுநீர் நிக்கும்.

29/
இனி வீட்டுக்கு:

• பொட்டலத்தில் உலக சுகாதார நிறுவன ஃபார்முலான்னு போட்டிருக்கா, மேலே சொன்ன நாலு பொருளும் அதே அளவில் இருக்கா பாருங்க. அரசு மருத்துவமனை, ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம்.
• பெரிய பொட்டலம் முழுசுக்கும் ஒரு லிட்டர் குடிநீர். பாதிப் பொட்டலம், ஒரு டம்ளர்னு கணக்குப் போடாதீங்க. 200 மில்லிக்குன்னு சின்னப் பொட்டலமும் வருது, படிச்சுட்டுக் கரைங்க.
• கரைச்சதை 24 மணி நேரத்துக்கு மேல வைக்காதீங்க.
• ரெண்டு வயசுக்குள்ள, ஒவ்வொரு முறை போன பிறகும் 50 முதல் 100 மில்லி. ஸ்பூன்ல, மெதுவா. தாய்ப்பாலை நிறுத்தாதீங்க.

30/
• பொட்டலம் கிடைக்கலையா? ஒரு லிட்டர் காய்ச்சி ஆற வைத்த தண்ணியில, தலைதட்டின 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. பொட்டலம் கிடைக்கிற வரைக்கும் இது.
• குழந்தை குடிக்க மாட்டேங்குது, எல்லாத்தையும் வாந்தி எடுக்குது, கண்ணு குழி விழுந்திருக்கு, துவண்டு தூங்குது, மலத்தில் ரத்தம், பல மணி நேரம் சிறுநீர் இல்ல. இதில் எது இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி.
• சர்க்கரை நோய் இருக்கிறவங்க, வெயில்ல வேலைன்னு அந்த இனிப்புப் பானங்களைத் தினமும் குடிக்காதீங்க. உப்புப் போட்ட மோர், கஞ்சித் தண்ணி நமக்குப் புதுசு இல்லையே.

31/
கடைசியா என் தப்பு. சட்டத்தைக் குறை சொல்றதுக்கு முன்னாடி அதைச் சொல்லணும். அன்னைக்கு நான் பேரை மட்டும் கேட்டேன், பொருளைக் கேட்கல. ரெண்டு நிமிஷம் கூடச் செலவு பண்ணி "எங்க, காட்டுங்கம்மா" என்றிருந்தா அந்தக் குழந்தைக்கு ஊசி குத்தியிருக்க வேண்டாம்.

32/
இப்ப என் மேஜையில் ஒரு ஓஆர்எஸ் பொட்டலம் எப்பவும் இருக்கும். "ஓஆர்எஸ் குடுத்தீங்களா?" என்று கேட்கிறதில்ல. பொட்டலத்தைக் கையில் தூக்கிக் காட்டி "இதுவா குடுத்தீங்க?" என்றுதான் கேட்கிறேன். இன்னமும் சில அம்மாக்கள் இல்லன்னு தலையாட்டுறாங்க.

எல்லாரும் ஆமான்னு சொல்ற நாள்ல அந்தப் பொட்டலத்தை டிராயருக்குள்ள வச்சுடுவேன். அதுவரைக்கும் இந்த த்ரெட்டை உங்க ஊர் வாட்ஸ்அப் குரூப்ல போடுங்க. முடிஞ்சா 29, 30-ஐ மட்டுமாவது.